கண்டாங்கித் துணியில் மின்கடத்தும் நூல்: பழனி நடைபயணத்துக்கு ஒளிரும் பட்டை தைப்பது எப்படி?

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பே காரைக்குடி, தேவகோட்டை, குன்றக்குடிப் பக்கமிருந்து பழனிக்கு நடப்பவர்கள் விடிவதற்கு முன்பே ரோட்டில் இறங்கிவிடுவார்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரியும்படி முதுகில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் நல்லது. அதற்கான குறுக்குப் பட்டையை மின்கடத்தும் நூல் கொண்டு தைக்கும் முறைதான் இது. இந்த ஒரு பட்டையைத் தைத்துவிட்டால் சட்டை, பை, தொப்பி எதிலும் இதே வேலையைச் செய்யலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நூல் அறுந்து கெடுவது குறைவு. நூலும் உலோகமும் சேரும் இடம் தளர்ந்து கெடுவதுதான் அதிகம். அதனால் 5-ஆம் படியை மட்டும் அவசரப்படாமல் இரண்டு முறை படியுங்கள்.

பொங்கல் முடிந்து தொடங்கினால் நேரம் போதாது. மார்கழிப் பிறப்பிலேயே நூலுக்கு ஆர்டர் போடுங்கள். தைக்க இரண்டு நாள் போதும். ஆனால் நூல் வெளியூரிலிருந்து கூரியரில்தான் வர வேண்டும், தப்பான நூல் வந்தால் மாற்றவும் நாள் வேண்டும்.

1. நூலை வாங்கும்முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது

"மீட்டருக்கு எத்தனை ஓம்?" என்ற ஒரே கேள்விதான். ஓம் என்பது நூல் மின்சாரத்தைத் தடுக்கும் தடையின் அளவு. பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். சிலர் அடிக்கணக்கில் சொல்வார்கள். அடிக்கு 9 ஓம் என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 30 ஓம். இந்தப் பட்டைக்கு 30 ஓம் அல்லது அதற்குக் கீழே உள்ள, மூன்று புரி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல் வேண்டும்.

கடையில் மூன்று வகை நூல் குழப்பும். எம்பிராய்டரிக்கு வரும் பளபளப்பு நூல் பார்வைக்கு மட்டும்தான் உலோகம், அதில் மின்சாரம் ஓடும் என்று நம்ப முடியாது. பாலியெஸ்டரில் கொஞ்சம் ஸ்டீல் இழை கலந்த நூல் டச் ஸ்கிரீன் கையுறைக்கும் ஸ்டாட்டிக் மின்சாரத்தைத் தடுக்கும் துணிக்கும் ஆனது. மின்சாரம் ஓடும், ஆனால் தடை கிலோ ஓம் கணக்கில் இருக்கும் என்பதால் விளக்கு எரியாது. மூன்றாவது, வெள்ளி பூசிய நைலான் நூல். தைக்க மிருதுவாக இருக்கும், வேலையும் செய்யும். ஆனால் நாளாக ஆக வெள்ளி கறுக்கும். துவைக்கத் துவைக்கப் பூச்சு தேய்ந்து தடை ஏறும். வியர்வை படும் சாமானுக்கு அது வேண்டாம், ஸ்டீலே எடுங்கள்.

பட்டியலில் விலை கூடிய பொருள் இந்த நூல்தான். ஸ்பூல் விலையைப் பார்க்காமல் மீட்டர் விலையைக் கணக்குப் போட்டு ஒப்பிடுங்கள். இந்தப் பட்டைக்கு 2 மீட்டர் போதும். பழகுவதற்கும் சேர்த்து 5 மீட்டர் வாங்கினால் நிம்மதி. பில்லில் நூலின் வகையும் ஓம் அளவும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நூல் வந்த அன்றே ஒரு மீட்டரை நீட்டி அளந்து பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்ப அந்த பில்தான் ஆதாரம்.

2. மற்ற சாமான்கள்

5 மில்லிமீட்டர் சிவப்பு எல்இடி மூன்று, கெட்டால் மாற்ற இரண்டு. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் 100 ஓம் ரெசிஸ்டர் மூன்று. கோடுகள் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று இருக்கும். 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மஞ்சள், ஊதா, கறுப்பு. எல்லாம் கால் வாட் போதும். சுவிட்ச் வைத்த இரண்டு ஏஏஏ செல் பெட்டி ஒன்று. உலோகத்தாலான டிச் பட்டன் இரண்டு ஜோடி. தடையை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று, 300 ரூபாயிலிருந்து கிடைக்கும். இது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். சால்டரிங் அயர்ன் வீட்டில் இல்லையென்றால் டிவி, மொபைல் பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால் ஆறேழு பற்றுகளைப் பத்து நிமிடத்தில் வைத்துத் தந்துவிடுவார்கள்.

நூலைத் தவிர மற்றதெல்லாம், மீட்டரும் சேர்த்து, ஏறத்தாழ 500 முதல் 700 ரூபாய்க்குள் அடங்கும். சென்னை போகிறவர் யாராவது இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும்.

டிச் பட்டனில் கறுப்பு, கலர் பூச்சு உள்ளதை எடுக்காதீர்கள், பூச்சு மின்சாரத்தை மறிக்கும். வெறும் வெள்ளை உலோகம்தான் வேண்டும்.

பெரிய பவர் பேங்க், ட்ரோன் பேட்டரி, 9 வோல்ட் பேட்டரி எதையும் இதில் மாட்டாதீர்கள். நூல் இரண்டும் எங்காவது உரசினால் துணியோடு சேர்ந்து சுடும். செல் பெட்டியில் 47 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வதும் இதற்காகத்தான். அது இருந்தால், எந்த இடத்தில் நூல்கள் ஒட்டினாலும் 70 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. ரெசிஸ்டரும் கருகாது, துணியும் சுடாது. 'அது இல்லாமலும் எரிகிறதே' என்று அதை விட்டுவிடாதீர்கள்.

3. துணி

கண்டாங்கிப் பருத்தி இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். நெசவு நெருக்கம், கனமும் உண்டு, தையல் நெளியாது. கட்டம் போட்ட துணி என்றால் இன்னும் நல்லது. கட்டமே கிராஃப் தாள் ஆகிவிடும், பிளஸ் கோட்டையும் மைனஸ் கோட்டையும் ஸ்கேல் வைக்காமலே நேராக ஓட்டலாம்.

புதுத் துணியைவிடப் பழைய புடவை மேல். கஞ்சி போயிருக்கும், சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். அப்பத்தாவின் பெட்டியில் இருப்பதைத் தொடும்முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். புதுத் துணிதான் என்றால் முந்தின நாள் இரவே ஊறவைத்து, கஞ்சி போக அலசிக் காயவையுங்கள். சாயம் நிற்கக் கல் உப்பு போடும் வழக்கம் இருந்தால், அதன்பின் மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். துணியில் உப்பு தங்கினால், பனியில் நனையும்போது அந்த உப்பு வழியாகவே ஒரு நூலிலிருந்து மறு நூலுக்கு மின்சாரம் கசியும்.

ஜரிகைக் கரை உள்ள துணியில் பெரிய ஆபத்து இருக்கிறது. உலோக ஜரிகை மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு நூலும் அதே ஜரிகையைத் தொட்டால் ஷார்ட். பிளாஸ்டிக் ஜரிகை சிலது கடத்தும், சிலது கடத்தாது, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீட்டரின் இரண்டு முனையையும் ஜரிகையில் ஒரு அங்குலம் தள்ளி வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில் வெறும் 1 தவிர வேறு எண் ஏதாவது வந்தால் அந்தக் கரையை வெட்டி ஒதுக்குங்கள்.

160 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம் வெட்டுங்கள். நீளவாக்கில் மடித்தால் 10. தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் போக 9 சென்டிமீட்டர் பட்டை நிற்கும். முன்பாதியின் உட்புறத்தில் மின்சுற்று முழுவதும் வரும். மடிக்கும் மறுபாதி உடம்புப் பக்கம். நடுவில் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் ஒரு அடுக்கு கொடுங்கள். அது வியர்வையைக் கொஞ்சம் தடுக்கும், பட்டையும் முறுக்கிக்கொள்ளாது.

4. கோடு போடுவதும் எல்இடி தயார் செய்வதும்

பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு, இடுப்பில் செல் பெட்டி வரும் இடத்தையும் முதுகில் விளக்கு வரும் இடத்தையும் இன்னொருவரைக் குறிக்கச் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து கடைசி விளக்குவரை 40 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். விளக்குக்கு விளக்கு 8 சென்டிமீட்டர்.

டெய்லர் சாக்கால் இரண்டு இணைகோடு போடுங்கள், இடைவெளி 4 சென்டிமீட்டர். ஒன்று பிளஸ், மற்றது மைனஸ். இரண்டும் எங்கும் குறுக்கே வெட்டக் கூடாது. மூன்று எல்இடியும் ஏணிப் படிபோல இரண்டு கோட்டுக்கும் நடுவில் வரும். இதை ஒரு தாளிலும் வரைந்து, மடிப்பு எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உட்புறமிருந்து தைப்பதால் இடது வலது மாறிவிடும்.

எல்இடியின் நீண்ட கால் பிளஸ். அதை 8 மில்லிமீட்டருக்கு வெட்டி 100 ஓம் ரெசிஸ்டரைப் பற்ற வையுங்கள். ரெசிஸ்டரின் மறுமுனையையும் எல்இடியின் குட்டைக் காலையும் மூக்குக் குறடால் வளைத்து, தையல் ஊசி இரண்டு மூன்று தடவை தாராளமாகப் போய்வரும் அளவுக்கு வளையம் ஆக்குங்கள். இனிமேல் ரெசிஸ்டர் இருக்கும் பக்கம்தான் பிளஸ், குழப்பமே வராது. காலை வளைக்கும்போது எல்இடி உடம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் விட்டு வளையுங்கள். ஒட்டி வளைத்தால் உள்ளே விரிசல் விடும். வெட்டிய முனை கூராக இருந்தால் நாளடைவில் நூலை அறுக்கும், உப்புத்தாளில் தேய்த்து மழுக்குங்கள். சால்டரிங் பிசின் வளையத்தில் ஒட்டியிருந்தால் அதையும் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

துணியில் எல்இடி வரும் மூன்று இடத்திலும் குத்தூசியால் துளை போட்டு, சுற்றிலும் காஜா தையல் போடுங்கள். எல்இடியின் தலை மட்டும் வெளியே வரும், விளிம்பு உள்ளே தடுத்து நிற்கும். உலோகம் எதுவும் வெளியே தெரியாது. கழுத்துச் சங்கிலியோ பைக் கொக்கியோ பட்டு ஷார்ட் ஆகும் வாய்ப்பு இதனால் போய்விடுகிறது.

5. நூலைப் பதிப்பதும் வளையத்தில் இறுக்குவதும்

துணியை எம்பிராய்டரி வளையத்தில் இறுக்கி மாட்டுங்கள். கைத்தையலில் இரண்டு வழி உண்டு. ஓட்டுத்தையல் போட்டால் ஸ்டீல் நூல் துணிக்கு மேலும் கீழுமாக வரும். வெளிப்பக்கமும் உலோகம் தெரியும். துணியை ஒவ்வொரு முறை துளைக்கும்போதும் நூல் பிசிறும். இந்த நீளத்துக்கு அது சரிவராது. ஆரி வேலை செய்பவர்கள் ஜர்தோசியைத் துணிமேல் வைத்துச் சாதா நூலால் கட்டுவார்களே, அந்த முறைதான் நல்லது. ஸ்டீல் நூலைக் கோட்டின்மேல் படுக்க வைத்து, துணியின் நிறத்திலேயே பாலியெஸ்டர் நூலால் 4, 5 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டுத்தையல். சாதா நூல் மட்டும்தான் துணியைத் துளைக்கும். ஸ்டீல் நூல் முழுக்க உட்புறத்திலேயே நிற்கும், நீளமும் வீணாகாது. கட்டுத்தையல் ஊசி ஸ்டீல் நூலின் நடுவே குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளைவு வந்தால் மூலை போலத் திருப்பாமல் வட்டமாகத் திருப்புங்கள்.

தையற்கடையில் ஆரி ஊசியால் போட்டுத்தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தக் கொக்கி ஸ்டீல் நூலைப் பிய்த்துவிடும். மெஷினில்தான் தைப்பேன் என்பவர்கள் ஸ்டீல் நூலைப் பாபினில் மட்டும் சுற்றி, மேலே சாதா நூல் போட்டு, மேல் டென்ஷனைத் தளர்த்தித் தைக்கலாம். துணியின் வெளிப்பக்கம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் பாபின் நூல் உட்புறம் விழும். வளையங்களைக் கையால்தான் கட்டியாக வேண்டும்.

இனி வளையம். பிளஸ் கோட்டுக்கு ஒரே நூல், மூன்று வளையத்தையும் தொட்டு அறுக்காமல் போக வேண்டும். முதல் வளையம் வந்ததும் ஸ்டீல் நூலைப் பெரிய காதுள்ள ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். நுனி பிசிறினால் நுனியில் மட்டும் மெழுகு தடவிக் கோர்த்து, பிறகு அந்த நுனியை வெட்டிவிடுங்கள். நூல் முழுக்க மெழுகு போட்டால் மின்சாரம் சேராது. வளையத்தின் உள்ளே குத்தி, வெளியே எடுத்து, கம்பியைச் சுற்றி ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் அந்த இடத்தில் துணி லேசாகக் குழியும்வரை இழுங்கள். முதல் சுற்று தளர்வாக இருந்தால் மேலே எத்தனை சுற்றினாலும் பயனில்லை, அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஸ்டீல் நூல் ஸ்ப்ரிங் மாதிரி திமிறும். அதனால் ஆறாவது சுற்று முடிந்ததும் விரலால் அழுத்திப் பிடித்தபடி, பக்கத்திலேயே துணியில் இரண்டு கெட்டித்தையல் போட்டுவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். அதன்மேல் சாதா நூலால் நான்கு சுற்று சுற்றினால், இழுவையைச் சாதா நூல் தாங்கிக்கொள்ளும்.

பிறகு மீட்டரை 200 ஓமில் வைத்து, ஒரு முனையை நூலின் தொடக்கத்திலும் மறுமுனையை ரெசிஸ்டரின் வளையக் கம்பியிலும் வையுங்கள். நூலின்மேல் வைத்தால் நூலைத்தான் அளக்கிறீர்கள், இணைப்பை அளக்கவில்லை. கடைசி வளையத்தில் 12 முதல் 15 ஓம் வர வேண்டும். துணியை மடக்கி ஆட்டும்போது எண் இரண்டு மூன்று ஓமுக்கு மேல் துள்ளினால் அந்த இணைப்பு தளர்வு. மீட்டரின் பீப் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பல மீட்டர்கள் சில பத்து ஓமைத் தாண்டினாலே சத்தம் போடாது. நல்ல நூலையே அறுந்தது என்று நினைத்துப் பிரித்துவிடுவீர்கள்.

மைனஸ் கோட்டையும் இதேபோல், தனி நூலில். ஒரே நூலைப் பிளஸிலிருந்து மைனஸுக்குக் கொண்டுபோவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. சாதாத் தையலில் நூலை அறுக்காமல் போவது நல்ல பழக்கம், இங்கே அதுவே ஷார்ட்.

6. முடிச்சும் நெயில் பாலிஷும்

நூலின் கடைசி முடிச்சை வளையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். இரட்டை முடிச்சு, மேலே ஒரு துளி நிறமில்லாத நெயில் பாலிஷ். ஏன் தள்ளி என்றால், பாலிஷ் நூல் வழியே ஊறி ஓடும். வளையத்துக்குள் போய்க் காய்ந்தால் கம்பிக்கும் நூலுக்கும் நடுவே சவ்வு மாதிரி நின்று மின்சாரத்தை மறித்துவிடும். அளந்து பார்த்த பிறகுதான் பாலிஷ். காய்ந்ததும் மறுபடி ஒருமுறை அளவு. சூப்பர் க்ளூ வேண்டாம். அது விறைத்து, மடங்கும் இடத்தில் உடையும், நூலும் அங்கேயே ஒடியும்.

வாலை 3 மில்லிமீட்டருக்கு வெட்டுங்கள். உதிர்ந்த ஸ்டீல் மயிர் துணியில் கிடந்தால் செலோடேப்பால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை போதும் இரண்டு கோட்டையும் இணைக்க.

7. கழற்றி மாட்டும் செல் பெட்டி

பட்டையில் பிளஸ் கோட்டின் தொடக்கத்தில் டிச் பட்டனின் குமிழ்ப் பாதியையும், மைனஸ் கோட்டில் குழிப் பாதியையும் தையுங்கள். பெட்டி இருக்கும் சிறு துணிப்பையில் இதற்கு நேரெதிர். இப்படிச் செய்தால் இருட்டில் அவசரத்தில் மாட்டினாலும் பிளஸ் மைனஸ் மாறாது. பட்டையில் பட்டனைக் கட்டுவது ஸ்டீல் நூல்தான், நான்கு துளையிலும் நான்கு நான்கு சுற்று. பையில் இருக்கும் பட்டனை உப்புத்தாளால் சுரண்டி, பெட்டியின் வயரை அதில் பற்ற வைத்துவிட்டு, சாதா நூலால் தைத்தால் போதும். 47 ஓம் ரெசிஸ்டர் சிவப்பு வயரில், செல் பெட்டிக்கு அருகில், மேலே மின்சாரம் கடத்தாத ஸ்லீவ் குழாய்.

செல் போடும்முன் பட்டையின் இரண்டு பட்டனுக்கும் நடுவே 200 ஓமில் அளந்து பாருங்கள். மீட்டர் இடது ஓரத்தில் வெறும் 1 காட்டினால் சரி. வேறு எண் வந்தால் எங்கோ உரசுகிறது; தேடி எடுக்காமல் செல் போடாதீர்கள்.

செல் போட்டால் ஒவ்வொரு எல்இடிக்கும் ஏறத்தாழ மூன்றரை மில்லிஆம்பியர் கிடைக்கும், இருட்டில் அது போதும். மூன்றும் சேர்த்து 10 அல்லது 11. ஏஏஏ அல்கலைன் செல் கணக்குப்படி நூறு மணி நேரம்கூடத் தாங்கும் என்றாலும், செல் இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். 40 மணி நேரத்தில் மாற்றிவிடுங்கள். சிவப்புக்குப் பதில் வெள்ளை, நீலம் போடலாமா என்றால், அவற்றுக்கே 3 வோல்ட் வேண்டும். இந்தச் செல்லில் மங்கிப்போகும். சிவப்போடு கலந்து போட்டால் சிவப்பே மின்சாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் எரிந்தால் கேன்வாஸை வைத்து மடித்து ஓரம் தையுங்கள். செல் பெட்டிப் பக்கம் ஒரு சாண் நீளத்தைத் தைத்து மூடாமல் டிச் பட்டன் போட்டு விடுங்கள். பழுது பார்க்க அந்த வாய் வேண்டும்.

8. வழியில், வீட்டில்

பட்டை மட்டும் போதாது, ஒளியைத் திருப்பும் ஸ்டிக்கரும் பையில் இருக்கட்டும்.

வியர்வை உப்புத் தண்ணீர். செல் மாட்டிய நிலையில் ஈரத்தோடு கிடந்தால் பிளஸ் பக்க உலோகம் அரிக்கும். மடத்திலோ சத்திரத்திலோ இறங்கியதும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பையைக் கழற்றி, பட்டையை விரித்துப் போடுங்கள். சிங்கம்புணரி, நத்தம் தாண்டிப் போகும்போது ஒரு விளக்கு மட்டும் அணைந்தால் அந்த வளையம்தான் தளர்ந்திருக்கும். மூன்றும் அணைந்தால் முதலில் டிச் பட்டனைப் பாருங்கள், அடுத்து செல்லை. ஓர் ஊசியும் அரை மீட்டர் ஸ்டீல் நூலும் பையில் போட்டு வைத்தால் மீட்டர் இல்லாமலே கட்டிவிடலாம்.

துவைப்பதென்றால் செல் பையைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசுங்கள். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். ப்ளீச்சிங் பவுடர் பட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு வரும். நிழலில் விரித்துக் காயவையுங்கள். முழுக்கக் காய்ந்தபின் இரண்டு பட்டனுக்கும் நடுவே மறுபடி அளந்து, 1 காட்டிய பிறகே செல் பையை மாட்டுங்கள். அடுத்த தைப்பூசம்வரை எடுத்து வைக்கும்போது செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். பட்டையை நான்காக மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழும் இடத்தில்தான் நூல் ஒடியும்.